புல்வெளியில் கல்லுக்குக் கிடைத்த இடம்

பாம்பன் கரைக்கும் பவளப்பாறைக்கும் நடுவே அலை அடங்கிய கடற்புல் வெளி ஒன்று இருந்தது. அங்கே பூரணம் என்ற குமிழி நத்தை வாழ்ந்துவந்தது. அதன் ஓடு நீர்க்குமிழி போல மெல்லியது. உடம்போ ஓட்டைவிடப் பெரியது. எப்படி மடக்கினாலும் பாதி வெளியே பிதுங்கி நிற்கும்.

ஒரு புயல் புல்வெளியில் பாதியை அள்ளிக்கொண்டு போனது. மிச்சத்தில் யார் இருப்பது, யார் பாறையைத் தாண்டிப் பேரலைக்குப் போவது என்று பிரிக்கும் வேலையைத் துறவி நண்டிடம் கொடுத்தார்கள். அது செத்த சங்கின் ஓட்டில் குடியிருந்தது. ஆகவே ஓடுகளைப் பற்றி அதற்குத் தெரியாதது இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள்.

நண்டு விதியைச் சொன்னது. ஓடுள்ளவர் உள்ளே. ஓடில்லாதவர் வெளியே.

முதல் உத்தரவு கடல் முயல்களுக்கு. அவை வெறும் சதையாகத் தெரிகிற நத்தை வகைப் பிராணிகள். அவற்றில் மூத்தவளான மாடத்தி நேரே பூரணத்திடம் வந்தாள். நாம் ஒரே வழியில் வந்தவர்கள்தான், என் முதுகுச் சதைக்குள்ளும் நகமளவு ஓடு புதைந்திருக்கிறது, ஆனால் அதைக் காட்டி நான் மட்டும் தப்பிக்க மாட்டேன் என்றாள். பிரிப்பதற்கே ஒப்புக்கொள்ளாமல் எல்லோரும் சேர்ந்து புல்லைப் பிடித்துக்கொள்வோம் என்று கூப்பிட்டாள்.

பூரணம் முட்டையிடும் நாள் நெருங்கியிருந்தது. அதன் முட்டைகள் வழவழப்பான நாடாவாகப் புல்லில் ஒட்டும். பேரலையில் நிற்காது. வம்பு எதற்கு என்று அது நினைத்தது.

“எனக்கு ஓடு வெளியிலேயே தெரியுதுக்கா. உங்ககூட நின்னா என்னையும் உங்க கூட்டத்துல சேர்த்துருவாங்க.”

“சரி தாயி. ஓட்டைப் பத்திரமா வச்சுக்கோ,” என்று சொல்லிவிட்டு மாடத்தி தன் கூட்டத்தோடு வெளியேறினாள்.

மறுவாரம் நண்டு பூரணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. ஓடு இருக்கிறது, ஆனால் உடம்பு அதற்குள் இல்லை, இது சந்தேகத்துக்குரிய விஷயம் என்றது. பரம்பரைக்கு அத்தாட்சி கேட்டது.

கரையோரச் சுண்ணாம்புப் பாறையில் பழங்காலத்துக் குமிழி நத்தைகள் கல்லாய்ச் சமைந்து கிடந்தன. பூரணம் அங்கே போனது. உதிர்ந்து கிடந்த ஒன்றைத் தள்ளிக்கொண்டு மூன்று நாளில் திரும்பியது. அதே வளைவு, அதே வாய்.

“இவர் எங்க பாட்டனுக்குப் பாட்டன், ஐயா.”

நண்டு கல்லைத் தட்டியது. புரட்டியது. வெகுநேரம் யோசித்தது.

“இவர் சரியான நத்தை. ஓட்டுக்கு வெளியே ஒரு துளி உடம்பு இல்லை. நீ இவர் இனமில்லை.”

“ஐயா, உள்ளே இருப்பது மண்.”

“மண்ணானாலும் அடங்கி இருக்கிறது.”

பூரணம் மேய்ந்த இடம் அன்றே கல்லின் பெயருக்கு ஒதுக்கப்பட்டது. பூரணம் சுற்றி நின்றவர்களைப் பார்த்தது. சிப்பிகள் வாயை மூடிக்கொண்டன. தங்கள் ஓடு வெளியிலேயே தெரிகிறது என்ற நிம்மதி அவற்றுக்கு.

வெளியேற்றப்பட்ட பூரணம் பவளப்பாறைக்கு அப்பால் இட்ட முதல் நாடாவை ஒரே அலை கொண்டுபோனது. இரண்டாவதையும் கொண்டுபோனது. மூன்றாவதற்கு மாடத்தி வந்தாள். பழையதைப் பேசவில்லை.

“இந்த இடுக்குல ஒட்டு. நாங்க அலைப்பக்கம் நிக்கிறோம்.”

கடல் முயல்கள் உடம்போடு உடம்பை நெருக்கிச் சுவராக நின்றன. நாடாவில் பாதி பிய்ந்து போனது. பாதி நின்றது. அந்தப் பாதியின் பக்கத்தில் பூரணமும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது.

அடுத்தவனை வெளியேற்றும் அளவுகோலுக்குத் தலையாட்டியவன், அதே அளவுகோல் தன்னிடம் வரும்போது அநியாயம் என்று சொல்லும் உரிமையை இழக்கிறான்.