ஒயின் புத்தகம் வாங்கப் போன மூவர்

கடலூரில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று சொன்னால் அது அவர்களைப் புகழ்ந்ததாகிவிடும். பொன்னுரங்கம், சடையாண்டி, ஏகாம்பரம். இதில் பொன்னுரங்கம்தான் தலைவன். அவனுக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியும், அதனால் அந்தப் பதவி. அவன் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பது வேறு விஷயம்.

வக்கீல் ஞானஸ்கந்தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்டில்தான் மூவரும் குடியிருந்தார்கள். வாடகைக்குப் பதிலாக வீட்டு வேலை. ஆனால் அவர்கள் செய்த வேலைக்கு வக்கீல்தான் நஷ்டஈடு கேட்டிருக்க வேண்டும். போன பொங்கலுக்கு, "வெளிய நிக்கிற எல்லாத்துக்கும் சுண்ணாம்பு அடிங்கடா" என்று சொல்லிவிட்டு அவர் கோர்ட்டுக்குப் போனார். காம்பவுண்டுச் சுவருக்கு அடித்தார்கள். தென்னைமரத்துக்கு அடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தியிருந்த ஸ்கூட்டருக்கும் அடித்தார்கள். கேட்டுக்கு வெளியே கேஸ் விஷயமாகக் காத்துக்கொண்டு நின்ற வக்கீலின் குமாஸ்தாவுக்கும் இடுப்புவரை அடித்துவிட்டார்கள். அவர் மட்டும் ஓடாமல் நின்றிருந்தால் முழுசாக முடித்திருக்கலாம் என்று ஏகாம்பரத்துக்கு இன்றைக்கும் வருத்தம்.

குமாஸ்தா அன்றோடு வேலையை விட்டுவிட்டார். அதனால்தான் இந்தக் கதையே நடந்தது.

வக்கீலுக்குப் பழைய புத்தகம் என்றால் பைத்தியம். படிக்கிற பைத்தியம் இல்லை, வைத்துக்கொள்கிற பைத்தியம். புதுச்சேரியில் மதாம் ரொசாலி என்ற அம்மாளிடம் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அச்சடித்த இத்தாலியக் கவிதைப் புத்தகம் ஒன்று இருந்தது. முழுக்க முழுக்க ஒயினைப் பற்றிய பாட்டு. வக்கீலுக்கு இத்தாலிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது, ஒயினை அவர் மோந்துகூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் அந்தப் புத்தகம் இல்லாமல் செத்தால் கட்டை வேகாது என்கிற மாதிரி இருந்தார். பேசி முடித்துப் பணமும் அனுப்பியாகிவிட்டது. போய் எடுத்துவர வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. அந்த அம்மாளோ மறுநாள் மகள் வீட்டுக்குப் பாரிஸ் கிளம்புகிறாள். குமாஸ்தாவும் இல்லை. வேறு வழியில்லாமல் மூவரையும் கூப்பிட்டார்.

"நல்லா கேட்டுக்குங்க. புத்தகத்தைக் கையால தொடக்கூடாது. ஈரம் படக்கூடாது. யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. குழந்தை மாதிரி பாத்துக்கணும். கடைசிப் பக்கத்துல ஒரு ஒயின் கறை இருக்கும். அச்சடிச்சவரே சிந்தின கறை. அதுதான்டா அதோட மதிப்பே. ஒழுங்கா கொண்டுவந்தா ஷெட்டு உங்களுக்கு. ஏதாவது ஏடாகூடம் ஆச்சு, மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போய்க்கிட்டே இருங்க."

பொன்னுரங்கத்துக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு பீர்க்கங்கொடி. ஷெட் கூரையில் ஏறி அப்போதுதான் பூ விட்டிருந்தது. பீர்க்கங்காய் கூட்டு வைத்துச் சாப்பிடாமல் அந்த இடத்தை விட்டுப் போவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் வக்கீல் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறக்கூடாது என்று மற்ற இருவரிடமும் சத்தியம் வாங்கினான். அதுதான் வினை.

மதாம் ரொசாலி புத்தகத்தை நீட்டியபோது மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். கையால் தொடக்கூடாதே. பொன்னுரங்கம் தன் வேட்டியை அவிழ்த்து, நல்லவேளை உள்ளே டிராயர் போட்டிருந்தான், அதைத் தூளியாகக் கட்டி சடையாண்டி தோளிலும் ஏகாம்பரம் தோளிலும் மாட்டினான். அம்மாள் புத்தகத்தைத் தூளியில் போட்டாள்.

"பத்திரம் தம்பி. எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் தினமும் இதைப் படிப்பார். ஒரு பக்கம் படிச்சாலே போதை ஏறிடும்பார்" என்றாள்.

மூவரும் அதை மனதில் வைத்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் கண்டக்டர் வந்தார். தூளியைப் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு என்ன வயசு என்று கேட்டார். பொன்னுரங்கம் பொய் சொல்ல மாட்டான்.

"முந்நூறு இருக்கும்."

"முந்நூறா?"

"குழந்தைதான் சார். ஐயாவே சொன்னாரு. அரை டிக்கெட் போடுங்க."

"முந்நூறு வயசுக்கு அரை டிக்கெட் கிடையாது" என்று சொல்லி, கண்டக்டர் அலுப்போடு ஒரு முழு டிக்கெட்டைக் கிழித்துத் தூளிக்குள் போட்டார். ஞாயம்தான் என்று சடையாண்டி சொன்னான். முந்நூறு வயசு ஆனவன் அரை டிக்கெட்டில் போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்.

எல்லை நெருங்கும்போது முன்சீட்டில் இருந்த ஒருவர் பையிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை எடுத்து மடக்மடக்கென்று குடித்தார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று ஏகாம்பரம் விசாரித்தான். முன்னால் செக்போஸ்ட் இருக்கிறது, பாண்டிச் சரக்கைக் கையில் வைத்திருந்தால் கேஸ், வயிற்றில் வைத்திருந்தால் கேஸ் இல்லை என்று அவர் விளக்கினார்.

மூவரும் தூளியைப் பார்த்தார்கள். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார்கள்.

சாலையோரச் சவுக்குத் தோப்பில் ஆலோசனை நடந்தது. தூளியைக் கிளையில் மாட்டி ஏகாம்பரம் ஆட்டிக்கொண்டே பேசினான்.

"புத்தகம் பூரா ஒயினு. அப்படியே கொண்டுபோனா மூணு பேருக்கும் ஜெயிலு."

"அப்ப இங்கயே குடிச்சிட வேண்டியதுதான்" என்றான் சடையாண்டி.

"புத்தகத்தை எப்படிடா குடிக்கிறது?"

"படிச்சா ஏறும்னு அந்தம்மா சொன்னாங்கல்ல. ஏறுதுன்னா உள்ள போவுதுன்னுதான அர்த்தம். பூராத்தையும் படிச்சிட்டா புத்தகம் காலி."

பொன்னுரங்கம் யோசித்தான். "நமக்கு அந்த பாஷை தெரியாதே."

"நீ போன தீபாவளிக்கு பிராந்தி குடிச்சியே, அதோட பாஷை தெரிஞ்சா குடிச்ச?"

பொன்னுரங்கம் தூளியைக் கிளையிலிருந்து இறக்கினான்.

பக்கத்தைப் புரட்டுவதில் ஒரு சிக்கல் வந்தது. கையால் தொடக்கூடாது. காலால் தொடலாம் என்றால் சரஸ்வதி கண்ணைக் குத்திவிடுவாள். கடைசியில் ஏகாம்பரத்தின் மூக்கு முடிவாயிற்று. நீளமான மூக்கு, அதுவரை எந்த உபயோகமும் இல்லாமல் இருந்தது. அவன் மூக்கால் ஒவ்வொரு பக்கமாகத் தள்ள, மற்ற இருவரும் கண்ணை உருட்டி மேலிருந்து கீழே பார்த்து எச்சில் விழுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சடையாண்டிக்கு நாக்கு குழறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில், ஊரில் விட்டுவந்த அண்ணனை நினைத்து அழுதான். அவனுக்கு அண்ணனே கிடையாது. தலையை ஆட்டிக்கொண்டே பக்கம் தள்ளிய ஏகாம்பரத்துக்கும் கிறுகிறுவென்று வந்தது. கடைசிப் பக்கம் வந்தபோது பொன்னுரங்கம் தள்ளாடி எழுந்து தடுத்தான். அந்தக் கறை ஐயாவுடையது. அதை யாரும் குடிக்கக்கூடாது.

நடந்தே செக்போஸ்ட்டுக்கு வந்தபோது போலீஸ்காரர் தூளியை நிறுத்தினார்.

"உள்ள என்னா?"

"குழந்தை சார்" என்றான் ஏகாம்பரம்.

"குழந்தைக்குள்ள இப்ப ஒண்ணும் இல்ல சார்" என்றான் சடையாண்டி. "எல்லாத்தையும் குடிச்சிட்டோம்."

அவர் தூளியை விலக்கிப் பார்த்தார். புத்தகம். மூன்று பேரையும் வாயை ஊதச் சொன்னார். காலையில் சாப்பிட்ட புளிச்சோறு வாசனைதான் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, காலியானதுக்கெல்லாம் கேஸ் போட மாட்டோம், போங்கய்யா என்று அனுப்பிவிட்டார்.

தாண்டி வந்து நாலு எட்டு வைத்ததும் பொன்னுரங்கம் அப்படியே நின்றுவிட்டான். போதை இறங்கிவிட்டது.

"காலியா" என்றான். "டேய், ஐயா காசு குடுத்து வாங்கினது நிறைஞ்ச புத்தகம்டா. நாம காலிப் புத்தகத்தைக் கொண்டுபோறோம்."

கண் முன்னால் பீர்க்கங்கொடி வாடித் தொங்கியது. திரும்ப நிரப்பியே ஆக வேண்டும். ஒயின் எதில் செய்கிறார்கள்? திராட்சையில். அது ஏகாம்பரத்துக்குத் தெரியும். ஆனால் திராட்சைச் சாறு ஊற்றினால் ஈரம். ஈரம் படக்கூடாது. மூவரும் சாலையோரம் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் சடையாண்டி, பாயசத்தில் போடுகிற திராட்சை காய்ந்துதானே இருக்கும் என்றான். பொன்னுரங்கம் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் உலர்திராட்சை வாங்கினார்கள். மறுபடி மூக்கு வேலை. பக்கத்துக்கு ஒரு திராட்சை. எந்தப் பக்கமும் ஏங்கிப் போகக்கூடாது. கறை இருந்த பக்கம் ஐயாவுடையது என்பதால் அதற்கு மட்டும் இரண்டு. வெளிநாட்டில் திராட்சையை மிதித்துத்தான் ஒயின் செய்வார்களாம் என்று ஏகாம்பரம் எங்கோ கேள்விப்பட்டிருந்தான். மிதிக்க முடியாது, சரஸ்வதி. ஆகவே அடுத்த பஸ்ஸில் கடலூர் வரும்வரை மூவரும் மாறி மாறி அதன்மேல் உட்கார்ந்து வந்தார்கள். குழந்தைக்கு மறுபடி முழு டிக்கெட் எடுத்தார்கள்.

வக்கீல் ஈஸிசேரில் காலை நீட்டிக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தார். தூளியைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார். "கொடுங்கடா."

மூவரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

"யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாதுன்னு சொன்னீங்களே" என்றான் பொன்னுரங்கம். "நீங்க கேக்காதீங்கய்யா. நாங்க அந்தப் பக்கம் பாத்துக்கிறோம். நீங்களா எடுத்துக்குங்க."

மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் வக்கீல் புத்தகத்தைத் திறக்கிற சத்தம் கேட்டது. அது தாள் புரளுகிற சத்தமாக இல்லை, பழைய பிளாஸ்திரியை உரிக்கிற சத்தமாக இருந்தது.

பொன்னுரங்கம் மெல்லத் திரும்பினான். வக்கீலின் மடியில் புத்தகம் விரிந்திருந்தது. நசுங்கிய திராட்சை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எறும்புகள் ஒழுங்காக வரிசையில் போய்க்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொரு பக்கமாகப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தார். எல்லாப் பக்கத்திலும் கறை.

"இதுல என் கறை எதுடா?"

"எல்லாமே உங்களதுதான்யா" என்றான் பொன்னுரங்கம் பெருமையாக. "ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. ஒண்ணுக்கே அவ்வளவு மதிப்புன்னா, இப்ப பாருங்க."

வக்கீலின் முகம் திராட்சை நிறத்துக்கு மாறியது. அவர் போட்ட சத்தம் தெரு முனைவரை கேட்டது.

"இந்த நிமிஷமே ஷெட்டைக் காலி பண்ணுங்க. இனி ஒரு ராத்திரி நீங்க அந்த ஷெட்டுல படுக்கக்கூடாது. இந்தப் புத்தகத்தையும் என் கண்ணு முன்னால வைக்காதீங்க, எடுத்துத் தொலைங்க."

கத்திய களைப்பில் அவர் நாற்காலியில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டார். கால்வலி மருந்தின் மயக்கமும் சேர்ந்துகொண்டது.

பொன்னுரங்கம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் அவனுடைய குணம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். பாய், தலையணை, அலுமினியச் சட்டி, ஸ்டவ் எல்லாவற்றையும் மூவரும் மூட்டையாகக் கட்டினார்கள். அந்தி சாய்வதற்குள் ஷெட் காலி. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வக்கீல் விழித்தார். வீட்டுக்குள்ளிருந்து பீர்க்கம்பூ வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தன. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய், புத்தக அறைக் கதவைத் தள்ளினார்.

அலமாரிகளுக்கு நடுவே மூன்று பாய் விரித்திருந்தது. சட்டப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ஸ்டவ்வை வைத்து சடையாண்டி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான். ஜன்னல் கம்பி வழியாகப் பீர்க்கங்கொடியை உள்ளே இழுத்து அலமாரியில் படர விட்டிருந்தார்கள். ஐயா கண்ணில் படக்கூடாது என்று அந்த இத்தாலியப் புத்தகத்தை வேட்டியில் சுற்றி, ஃபேன் கொக்கியில் தூளியாகத் தொங்கவிட்டு, ஏகாம்பரம் ஆட்டிக்கொண்டிருந்தான். தூளியில் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன.

வக்கீல் ஊன்றுகோலை ஓங்கினார். கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

பொன்னுரங்கம் உதட்டில் விரலை வைத்து, கெஞ்சுகிற மாதிரி அவரைப் பார்த்தான்.

"மெதுவாய்யா. வயிறு நிறைஞ்சு இப்பதான் தூங்குது."