தேவாங்கு எழுதிய பதினேழாவது தீமை

கோடை முற்றிய காட்டில் ஒரே ஒரு குளம்தான் மிச்சம் இருந்தது. மான், பன்றி, மயில், சிறுத்தை என்று எல்லாருக்கும் அது ஒன்றுதான். அதனால் முறை வைத்துத் தண்ணீர் குடித்தார்கள். தன் முறையில் வருகிறவரை யாரும் தொடக்கூடாது. அடுத்தவர் முறையில் போய் நின்றால் காடு பொறுப்பில்லை. முறை வாரத்துக்கு வாரம் மாறும். அந்தக் கோடை முழுவதற்குமான முறைப் பட்டியல், மனிதர்கள் விட்டுப்போன பங்களாவில் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதைக் காத்து வந்தது ஒரு தேவாங்கு.

அந்தத் தேவாங்கு நான்தான். ஒல்லியாக யாரைப் பார்த்தாலும் என் பெயரைச் சொல்லிக் கேலி செய்கிறீர்கள். இந்தக் கதையைக் கேட்டபின் வேறு காரணத்துக்காகவும் சொல்லலாம்.

ஒரு நாள் காலை திரையில் ஒரு பெட்டி முளைத்தது. புதிய சிஸ்டம் வந்திருக்கிறது, இப்போது மாறலாமா, பிறகா என்று கேட்டது. நான் ‘பிறகு’ என்பதை அமுக்கினேன். இவ்வளவு பெரிய விஷயத்தை யோசிக்காமல் செய்யலாமா?

ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கை அதைப் பார்த்துவிட்டது.

“தேவாங்கண்ணே, முதல்ல அந்த முறைப் பட்டியலைத் தாள்ல எடுத்து மரத்துல ஒட்டிருங்க. அப்புறம் மாத்துங்க, மாத்தாம கிடங்க, உங்க இஷ்டம்.”

பிரிண்டரில் ஆறு தாள்கள்தான் இருந்தன. முடிவெடுத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். காக்கைக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்றே ‘நன்மை’, ‘தீமை’ என்று இரண்டு தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தேன். வேகம் கூடும், இது நன்மை. இடது மூலையில் இருக்கும் பட்டன் நடுவுக்கு வந்துவிடும், இது தீமை. அந்த மூலையைக் கண்டுபிடிக்கவே எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. மயில் வந்து புதிய சிஸ்டத்தில் நிறங்கள் பளிச்சென்று இருக்குமாம் என்றது. நன்மையில் சேர்த்தேன். அடுத்த காட்டில் தன் மச்சான் மாற்றிவிட்டுப் பட்ட பாட்டைப் பன்றி அரைநாள் சொன்னது. தீமையில் ஏழு கூடியது.

இருபது நாள் எழுதினேன். நாற்பத்து மூன்று நன்மை, நாற்பத்து மூன்று தீமை. சரிசமம்! அதன் அழகைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. தலைப்புகளைத் தடித்த எழுத்தில் போட்டு, பிரிண்ட் எடுத்து, பங்களா வாசலில் ஒட்டினேன். ஆறு தாளும் அதற்கே சரியாகப் போயிற்று.

இருபத்தோராம் நாள் அந்தப் பெட்டியில் ‘பிறகு’ இல்லை. ‘இப்போது’, ‘இன்று மாலை’ என்று இரண்டுதான் இருந்தன. மாலை என்றால் யோசிக்க ஒரு பகல் கிடைக்கிறதே என்று அதை அமுக்கினேன். யோசித்தேன். நடுவில் பசித்தது. கரையான் தேடப் போனவன் அப்படியே மறந்துவிட்டேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் திரை பளபளவென்று இருந்தது. மயில் சொன்னது பொய்யில்லை. ஆனால் முறைப் பட்டியலைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ ஏற்றிவைத்த பழைய ஃபான்டில்தான் நான் தமிழ் அடித்து வந்தேன். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, ஃபான்ட் அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும். புதிய சிஸ்டத்தில் அந்த ஃபான்ட் இல்லை. வேஷம் கலைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, குட்டியோடு புள்ளிமான் வந்தது.

“இந்த வாரம் எங்க முறை எப்பண்ணே?”

நான் திரையைப் பார்த்தேன். ‘கே, ஹெச், டி, அரைப்புள்ளி’ என்று ஒரு வரி தொடங்கியது. அதுதான் ‘மான்’ என்பது அடித்துப் பழகிய விரலுக்குத் தெரியும், என் கண்ணுக்கு எங்கே தெரியும்? தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கம்ப்யூட்டர்காரன் என்ற பெயர் என்னாவது? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நாளைக்குக் காலைல, வெயில் ஏறுறதுக்குள்ள” என்றேன்.

மான் நன்றி சொல்லிவிட்டுப் போயிற்று. அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் காலை குளக்கரை மரத்தில் தொற்றிக்கொண்டிருந்தேன். மான் குனிந்து குடித்தது. குட்டி முட்டிவரை தண்ணீரில் இறங்கி விளையாடியது. அப்போது எதிர்ப் புதரிலிருந்து சிறுத்தை சாவகாசமாக வெளியே வந்தது. வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தது.

“போன வாரம் எனக்குச் சாயந்தரம். இந்த வாரம் காலைல. என் முறையில யாரது?”

இருபத்தொரு நாள் எடுக்கமுடியாத முடிவை ஒரு மூச்சில் எடுத்தேன். “ஓடும்மா! பட்டியல் போச்சு, நான் சும்மா அடிச்சுவிட்டேன், ஓடு!” என்று கத்தினேன். கத்திய வேகத்தில் பிடி நழுவிச் சிறுத்தையின் முதுகிலேயே விழுந்தேன்.

சிறுத்தை திடுக்கிட்டு ஒரு சுற்றுச் சுற்றியது. அதற்குள் மானும் குட்டியும் மூங்கில் புதரைத் தாண்டிவிட்டன. இதைத் தியாகம் என்று சிலர் சொல்கிறார்கள். கைதவறியதுதான் உண்மை.

சிறுத்தை என்னைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியது. எலும்பைத் தவிர ஒன்றும் இல்லாததால் கீழே போட்டது. என்ன நடந்தது என்று கேட்டது. பங்களாவுக்குக் கூட்டிப்போய், நான் எவ்வளவு யோசித்தேன் என்பதற்குச் சாட்சியாக வாசலில் ஒட்டியிருந்த தாள்களைக் காட்டினேன். சிறுத்தை பொறுமையாகப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

“தீமை பதினேழு. பழைய ஃபான்ட் போய்விட்டால் முறைப் பட்டியலைப் படிக்க முடியாது. இதை எழுதினது யாரு?”

“நான்தாங்க.”

சிறுத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிற்று. கடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்று மதியமே காக்கை எல்லாரையும் கூட்டிவைத்து, போன வாரம் யார் எப்போது குடித்தார்கள் என்று கேட்டது. எல்லாருக்கும் நினைவிருந்தது. கம்ப்யூட்டர் வைத்திருந்த எனக்குத்தான் இல்லை. கேட்டதை வைத்துப் புதிய பட்டியல் எழுதினோம், கரித்துண்டால். வேறு தாள் இல்லாததால் என் நன்மை தீமைகளின் பின்பக்கத்தில். இப்போது அது குளக்கரை மரத்தில் தொங்குகிறது. காற்றடித்துத் தாள் திரும்பும்போதெல்லாம் பதினேழாவது தீமை தெரிகிறது. மானின் குட்டி அதை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, நன்மை தீமைகளை எத்தனை நாள் வேண்டுமானாலும் எடைபோடுங்கள், ஆனால் எது போனால் உயிர் போகுமோ அதை முதலில் பத்திரப்படுத்திவிட்டு உட்காருங்கள்.