மூச்சுவிடாத ரெபி

சீடப்பெண்ணுக்கு வயது நாற்பத்திரண்டு. குருவுக்கு முப்பது. யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் நாளே வாதாடித் தீர்த்துக்கொண்டார்கள். குரு சங்கவி அதட்டும்போதும் "அக்கா" என்பாள். ரெபி கெஞ்சும்போது "டீச்சர்" என்பாள். கோபம் வந்தால் டீச்சர் "நீ" ஆகிவிடுவாள்.

இருபது வருடத்துக்கு முன் டிவியைப் போட்டால் ரெபிதான். 'கிறுகிறு வானம்' என்று ஒரு பாட்டு. சரணத்தில் பதினாறு வரி, நடுவில் ஒரு மூச்சுகூடக் கேட்காது. மூச்சுவிடாத ரெபி என்று ஊரே பெயர் வைத்தது. பிறகு ஊர் வேறு பாட்டுக்குப் போய்விட்டது. ரெபியும் மேடையை விட்டு இறங்கிவிட்டாள்.

போன வருடம் யாரோ அந்தப் பாட்டைத் தோண்டி எடுத்தார்கள். இணையத்தில் ஒரு சவால்: சரணம் முடியும்வரை மூச்சே வாங்காமல் கூடவே பாட வேண்டும், அதை வீடியோ எடுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் பைத்தியமாகிவிட்டார்கள். அப்படித்தான் இன்றைக்கு இந்தக் கல்லூரி விழாவுக்கு அழைப்பு வந்தது. ஆறு மாதமாகச் சங்கவியிடம் குரல் பயிற்சி.

மாலை நாலரை மணி. வெயிலைப் பொருட்படுத்தாமல் மைதானம் நிரம்பியிருந்தது. "ரெபி! ரெபி!" என்று கத்தியதில் மேடைக்குப் பின்னால் இருந்த தகரத் தடுப்பு அதிர்ந்தது.

சவுண்ட்காரர் வந்து நின்றார்.

"மேடம், முழுப் பாட்டையும் போட்டுடவா, இல்ல மியூசிக் மட்டும் போடவா? முழுசாப் போட்டா மைக்கை ஆஃப் பண்ணிடறேன், நீங்க வாயசைச்சாப் போதும். பத்து நிமிஷத்துல சொல்லிடுங்க."

அவர் போனதும் ரெபி கேட்டாள்.

"டீச்சர், நான் என்ன சொல்லட்டும்?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"வாயசைச்சிடறேன்."

"அப்புறம் ஆறு மாசமா எதுக்கு என் உயிரை எடுத்தீங்க?"

"வெளியே கேக்குதில்ல? அவங்க கூப்பிடறது என்னை இல்ல. அவளை. இருபது வருஷமா எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. கண்ணாடியில பாத்தா, அவளை மாதிரி இல்லையேன்னு என்னையும் பிடிக்காது."

"யாரு அவ?"

"தெரியாத மாதிரி கேக்காத நீ. நான் பாடினேன். கம்ப்யூட்டர்ல வெச்சு மூச்சையெல்லாம் வெட்டி எடுத்தாங்க. மிச்சம் இருந்தது அவ."

"அதை ஊருக்குச் சொன்னீங்களா?"

ரெபி தலை குனிந்தாள்.

"டிவி பேட்டியில கேட்டாங்க, எப்படி மேடம் மூச்சே விடாம பாடறீங்கன்னு. நீங்க சிரிச்சிட்டே 'பழக்கம்தான்'னு சொன்னீங்க."

"அதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. எங்க அஞ்சாம் வகுப்புல ரோஸ்லின்னு ஒருத்தி. பள்ளிக்கூட விழாவுக்கு உங்க பாட்டு. அந்தப் பேட்டியைப் பாத்துட்டு அவளும் பழகினா. தினமும் தண்ணித் தொட்டியில முகத்தை முக்கிக்கிட்டு எண்ணுவா. விழா அன்னிக்கு பதினோரு வரி போயிட்டா. உதடு நீலமாச்சு. அப்படியே சரிஞ்சா. தண்ணி தெளிச்சு எழுப்பினோம். கண்ணைத் திறந்ததும் என்ன கேட்டா தெரியுமா? 'எந்த வரியில விட்டேன்?'"

ரெபி நிமிர்ந்தாள்.

"அது நீதானே?"

"இல்லக்கா. நான் கீழே நின்னு 'விடாதடி, விடாதடி'ன்னு கத்தினவ."

தகரம் மறுபடி அதிர்ந்தது.

"இப்ப எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. ரெண்டு பிள்ளைங்க. பாடறது மட்டும் இல்ல. தனக்கு நுரையீரல் சின்னதுன்னு இன்னமும் நம்பறா."

ரெபி எழுந்து நடந்தாள். திரும்பி வந்தாள்.

"சரி, நான் பண்ணது தப்பு. இப்ப மைக்கை ஆன் பண்ணிப் பாடினா அந்தத் தப்பு போயிடுமா? அவங்க கேட்டு வந்தது கிடைக்கலைன்னு கூச்சல் போடுவாங்க. அந்த மூச்சுவிடாத ரெபி முன்னாடி நான் தோத்துப் போகணும், அதானே உனக்கு வேணும்?"

சங்கவி பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். ஹெட்ஃபோனை ரெபியின் காதில் மாட்டினாள்.

"மியூசிக்கைத் தனியாப் பிரிக்க, நீங்க அப்போ பாடின ஸ்டுடியோவுல ஹார்ட் டிஸ்க் கொடுத்தாங்க. உள்ளே இது கிடந்துச்சு."

'கிறுகிறு வானம்' சரணம். இசை இல்லை, குரல் மட்டும். நாலாவது வரி முடிவில் சைக்கிள் பம்பில் காற்றை இழுப்பதுபோல ஒரு மூச்சு. ஏழாவதில் இன்னொன்று. பத்தில் அவசரமாக ஒரு பாதி மூச்சு. பதினாறாவது வரி முடிந்ததும் ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, செத்தேன்ணா! ஒரு டீ சொல்லுங்க, இல்லாட்டி சங்குதான்!"

ரெபி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணீரும் நிற்கவில்லை.

"அடிப்பாவி! எவ்வளவு சத்தமா மூச்சு வாங்கறா பாரு!"

"யாரு?"

ரெபி ஹெட்ஃபோனைக் கழற்றினாள். 

"நான்."

சவுண்ட்காரர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"மேடம்?"

"மியூசிக் மட்டும். மைக் ஆன்லயே இருக்கட்டும்ணா."

விறுவிறுவென்று படியேறினாள். மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், நாலாவது வரியில மூச்சு வாங்குவேன். மைதானம் முழுக்க ஸ்பீக்கர்ல கேக்கும். அவங்க என்ன பண்ணுவாங்க?"

சங்கவி திரை இடுக்கு வழியாகப் பார்த்தாள். முன்வரிசையில் பெண்களும் பையன்களும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாட்டு தொடங்கும் முன்பே கன்னம் உப்ப, நெஞ்சு புடைக்க, மூச்சை அடக்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களும் மூச்சு வாங்கிக்குவாங்க, அக்கா."