பதினேழாம் மூடி

தில்லைநாயகியிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தபோது இன்னாசிக்கு வயது ஐம்பத்து மூன்று. தில்லைநாயகிக்கு முப்பத்தொன்று.

நகரத்தின் பாதாளச் சாக்கடைப் பிரிவில் தில்லைநாயகிதான் பொறியாளர். உரிமப் பிரிவில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்த இன்னாசி, பதவி உயர்வில் அவருக்குக் கீழே மேற்பார்வையாளராக வந்திருந்தார். ஆறு மாதம் தகுதிகாண் பருவம். முடிவில் தில்லைநாயகி கையெழுத்துப் போட்டால் பதவி நிலைக்கும். போடாவிட்டால் பழைய பிரிவுக்கே போக வேண்டும். அங்கே பிரிவு உபசார விழா நடத்தி, மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

கடிகாரத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று இன்னாசி அவ்வப்போது யோசிப்பார்.

ஆறாம் மாதத்தின் கடைசி வாரம், புதன்கிழமை. அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“மேடம், ஆய்வுன்னா என்ன? ஒரே வரியில சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

தில்லைநாயகி அவருடைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு மேன்ஹோல் மூடிகள். ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒரு கட்டம். போன மாதம் வரை எல்லாக் கட்டத்திலும் ஒரே நீல முத்திரை: ‘திறந்து பார்க்கப்பட்டது. நீரோட்டம் சீர்.’

“முத்திரை நல்லா விழுந்திருக்கு” என்றார்.

“எனக்கு முன்னாடி இருந்தவர் ஓய்வு பெறும்போது கொடுத்தது மேடம். சாவி, டார்ச், முத்திரை. மூணையும் கையில கொடுத்து, பத்திரமா பார்த்துக்கன்னார்.”

“எப்படி ஆய்வு பண்றீங்க?”

“தெருத்தெருவா நடப்பேன் மேடம். ரோட்டுல தண்ணி வழியலைன்னா சீர்.”

தில்லைநாயகி பதிவேட்டை மூடினார்.

“நாளைக்குப் பதினேழாம் மூடியைத் திறந்து காட்டுங்க சார். அப்புறம் சொல்றேன்.”

மறுநாள் காலை இருவரும் தெருவுக்குப் போனார்கள். பின்னால் கழிவுநீர் உறிஞ்சும் லாரி வந்தது. பதினாறாம் மூடி இருந்தது. பதினெட்டாம் மூடி இருந்தது. நடுவில் வழவழப்பான தார்ச் சாலையும் ஓர் இஸ்திரி வண்டியும் இருந்தன.

இன்னாசி இரண்டு மூடிகளுக்கும் இடையில் நான்கு தடவை நடந்தார். இஸ்திரி போடும் மாயழகு தலையைத் தூக்கினார்.

“என்ன சார் தேடறீங்க?”

“பதினேழாம் மூடி.”

“அதுவா? என் வண்டிக்குக் கீழ இருக்கு. அது மேல மூணு தடவை ரோடு போட்டாச்சு. ஏழு வருசம் இருக்கும்.”

“ஏழு வருசமா? போன மாசம்கூட நல்லா ஓடுச்சே!”

“எங்க ஓடுச்சு?”

இன்னாசி பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“மழை வந்தா இந்த நாலு வீட்டுலயும் குளியலறை வழியா தண்ணி எதுத்து வருது சார்” என்றார் மாயழகு. “மனு மேல மனு போட்டாங்க. எல்லாம் சீரா இருக்குன்னு பதில் வந்துச்சு. அதைச் சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்காங்க. பார்க்கறீங்களா? நீல முத்திரை.”

“வேண்டாம்” என்றார் இன்னாசி.

வண்டியைத் தள்ளினார்கள். சாலையை உடைத்தார்கள். மூன்று அடுக்குத் தாருக்குக் கீழே மூடி கிடைத்தது. அதை நெம்பித் தூக்கியதும் இன்னாசி டார்ச்சோடு பாய்ந்தார்.

“தள்ளி நில்லுங்க சார்! உள்ள இருக்கிற வாயு முதல்ல வெளிய போகட்டும்.”

நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு விளிம்பிலிருந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

“நீரோட்டம் எப்படி?”

“ஓட்டமே இல்ல மேடம். நிக்குது.”

லாரியின் குழாய் உள்ளே இறங்கியது. மாலைவரை உறிஞ்சியது. இன்னாசி சாப்பிடப் போகவில்லை. குனிந்தபடியே நின்றார்.

“இஸ்திரி பெட்டி ஏதாவது கிடைச்சா என்னுது சார்” என்றார் மாயழகு.

வெள்ளிக்கிழமை, தகுதிகாண் பருவத்தின் கடைசி நாள். தில்லைநாயகியின் மேசையில் இன்னாசியின் படிவம் இருந்தது. கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

இன்னாசி பதிவேட்டை அதன்மேல் வைத்தார். தில்லைநாயகி திறந்தார். ஐந்து மாதத்து நீல முத்திரைகள் எல்லாவற்றின் குறுக்கேயும் சிவப்புக் கோடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘பார்க்கவில்லை’ என்று எழுதி, சுருக்கொப்பம்.

“பதினேழாம் மூடிக்கு மட்டும்தானே அடிச்சிருக்கணும்?”

“மத்ததையும் நான் திறக்கல மேடம்.”

“இதைப் பார்த்த பிறகு நான் கையெழுத்துப் போடுவேன்னு நினைக்கிறீங்களா?”

“இல்ல மேடம். கடிகாரத்தைப் பைக்குள்ள எடுத்து வச்சுட்டேன்.”

தில்லைநாயகி இந்த மாதப் பக்கத்துக்குப் போனார். நாற்பது கட்டங்கள் காலி. பதினேழாம் கட்டத்தில் பொடி எழுத்து. செங்கல் ஏழு. கிழக்குக் குழாயில் விரல் கனத்துக்கு வேர். ஒரு சேலை, பாதி. மூன்றாம் படிக்கு மேலே விரிசல். எழுத்து கட்டத்தைத் தாண்டி, பதினெட்டாம் கட்டத்தைத் தாண்டி, ஓரமாகக் கீழே இறங்கி, பக்கத்தின் முதுகுக்குப் போயிருந்தது. அங்கேயும் முடியவில்லை.

“என்ன சார் இது?”

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார்.

“மன்னிக்கணும் மேடம். கட்டம் பத்தல.”

தில்லைநாயகி பதிவேட்டுக்கு அடியிலிருந்து படிவத்தை உருவி, கையெழுத்துப் போட்டார்.

“அப்ப மூடியைத் திறந்திருக்கீங்க. அதுதான் சார் ஆய்வு, எழுதிக்கோங்க.”