ஒட்டாத ரொட்டி

ஜெசிந்தா திண்டுக்கல் புறவழிச்சாலை ஹோட்டல் ஒன்றில் தந்தூரி மாஸ்டர். வயது முப்பத்து மூன்று. அவள் வலக்கையில் முழங்கை வரை முடி கிடையாது. பதினோரு வருஷத் தீ அதை எடுத்துக்கொண்டது.

அவளிடம் பாடம் கேட்க வந்தவருக்கு வயது அறுபத்து நாலு. பெயர் கனகசபாபதி, ஓய்வுபெற்ற சர்வேயர். மாவட்டத்தில் பாதி நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்த மனிதர், ஒரு ரொட்டியிடம் தோற்றுப்போய் ஹோட்டலின் பின்வாசலில் நின்றார்.

"மாஸ்டர், தந்தூர் சுவத்துல ஒட்டுற ரொட்டி நெருப்புல விழுந்துருது. ஏன்?"

"எந்தத் தந்தூர்?"

"எங்க வீட்டு மொட்டை மாடியில. புதுசு. ஒரு வாரமா விழுது."

"பத்து ரொட்டி பார்சல் தரேன். வாங்கிட்டுப் போங்க சார்."

"பார்சல் ஆகாது. நான் சுடணும். நாளைக்குள்ள."

ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் காரணத்தைச் சொன்னார்.

நான்கு வருஷத்துக்கு முன் அவர் மகள் இளவேனில், டெல்லியில் கூட வேலை பார்த்த குர்தீப்பைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றாள். குர்தீப் கையை நீட்டினான். இவர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அன்று திரும்பிப் போனவர்கள் நாளைக் காலை ரயிலில்தான் மறுபடி வருகிறார்கள்.

இடைப்பட்ட காலத்தில் அவர் மனைவி தினமும் மகளோடு போனில் பேசுவார். அந்த நேரம் பார்த்து இவர் மாடிக்குப் போய்விடுவார். போன மாதம் மாடிப்படியில் கால் வைத்தபோது ஒரு பேச்சு காதில் விழுந்தது. மாப்பிள்ளை எதைப் போட்டாலும் சாப்பிடுவாராம். தந்தூரிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் ரொட்டிக்கு மட்டும் ஏங்கிப்போவாராம். மறுநாளே இவர் தந்தூர் வாங்க அலையத் தொடங்கிவிட்டார்.

"அந்தக் கையால அவனுக்கு ஒரு ரொட்டி போடணும் மாஸ்டர்," என்றார்.

ஜெசிந்தா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"ஆறு மணி வரைக்கும் எனக்குக் கூட்டம் இல்ல. வண்டிய எடுங்க."

மொட்டை மாடியில், இரும்பு டிரம்முக்குள் மண்பானை வைத்த சின்னத் தந்தூர் நின்றது. ஜெசிந்தா உள்சுவரில் ஒரு விரலை இழுத்து அவர் முன்னால் நீட்டினாள். விரல் பளபளத்தது.

"என்ன சார் இது?"

"நல்லெண்ணெய். பாதி வெங்காயத்தை முக்கி உள்ள பூரா தேச்சிருக்கேன். தோசைக்கல்லப் பழக்குற மாதிரி. தினமும் விடாம."

நம் வீடுகளில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனாலும் சிரிக்காமல் இருக்க ஜெசிந்தா கொஞ்சம் சிரமப்பட்டாள்.

"தோசைக்கல்லுல எதுக்குத் தேய்க்கிறோம்?"

"ஒட்டாம இருக்க."

"ரொட்டி?"

சர்வேயர் எண்ணெய் மினுங்கிய உள்சுவரைக் குனிந்து பார்த்தார். "ஒட்டணும்," என்றார்.

ஜெசிந்தா ஒரு கூடை கரியைக் கொட்டிப் பற்றவைத்தாள். ஒரு வாரத்து எண்ணெய் புகையாகக் கிளம்பியது. உள்சுவர் கன்னங்கரேலென்று ஆனது. கனகசபாபதி பையிலிருந்து சூடு அளக்கும் கருவியை எடுத்தார்.

"எத்தனை டிகிரி வரணும் மாஸ்டர்?"

"அதை உள்ள வைங்க. கறுத்த சுவர் வெளுக்கும். அப்பப் போடலாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"வெளுக்குற வரைக்கும்."

முக்கால் மணி நேரம் ஆனது. அவர் பதினாறு தடவை எட்டிப் பார்த்தார். அவள் பக்கத்து வீட்டு முருங்கைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கரி எரிந்து, சுவர் சாம்பல் நிறத்துக்கு வந்தது.

அவர் பிசைந்து வைத்திருந்த மாவில் ஜெசிந்தா ஒரு ரொட்டியைத் தட்டினாள். ஒரு பக்கம் தண்ணீர் தடவி, துணித் திண்டில் வைத்து உள்ளே விட்டு ஒட்டினாள். பார்க்க வேலையே இல்லாததுபோல் இருந்தது.

அடுத்தது அவர் போட்டார். நெருப்பில் விழுந்தது. இன்னொன்று போட்டார். அதுவும் விழுந்தது.

"எண்ணெய்தான் போயிருச்சே. இப்ப ஏன் விழுது?"

மூன்றாவது ரொட்டியோடு அவர் கை உள்ளே போனபோது ஜெசிந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். திண்டு சுவரில் பட்டது. அவர் கையை வெடுக்கென்று இழுத்தார். வரவில்லை. அவள் கையும் உள்ளேதான் இருந்தது.

"சுடுது மாஸ்டர்."

"சுடும்."

"மாஸ்டர்."

"அழுத்துங்க சார்."

மூன்று எண்ணுகிற நேரம்தான். அவருக்கு அது நெடுநேரமாகத் தெரிந்தது. அவள் பிடியை விட்டபோது அவர் கை வெளியே வந்தது, ரொட்டி உள்ளேயே நின்றது.

"உள்ள போகும்போதே கையை எப்ப எடுக்கலாம்னு பாக்குறீங்க," என்றாள். "அப்புறம் ரொட்டி எப்படி நிக்கும்?"

நான்காவதை அவர் தனியாகப் போட்டார். முகம் சுளித்தது, கை முடி பொசுங்கி நாறியது. கையை எடுக்கவில்லை. ரொட்டி ஒட்டிக்கொண்டு மெல்லக் கொப்புளம் விட்டது. கொக்கிக் கம்பியால் அதை வெளியே எடுத்து இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அவளிடம் கொடுத்தார்.

அவள் மென்றாள். "அளவுதான் கோணல். ருசி சரியா இருக்கு."

கனகசபாபதிக்கு வேலையில் சேர்ந்த நாளில்கூட இத்தனை சந்தோஷம் வந்ததில்லை. தன் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து நின்றார். பிறகு அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு பயம் வந்தது.

ஜெசிந்தா கீழே வந்து செருப்பை மாட்டும்போது அவரும் பின்னாலேயே இறங்கி வந்தார். இதே வாசல்தான். குர்தீப் நின்ற படியைப் பார்த்தபடி பேசினார்.

"ரொட்டி வந்துரும். அதுக்கு முன்னாடி அவன் இங்க வந்து நிப்பானே. அவன்கிட்ட என்ன பேசுறதுன்னு தெரியல மாஸ்டர். ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன்."

"ரொட்டிகிட்ட என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசலையே."

"நாளைக்கும் ஒண்ணும் பேச வேணாம் சார்," என்றாள் ஜெசிந்தா. "கையை மட்டும் சீக்கிரம் எடுத்துராதீங்க."