ராஜாவும் நூறு மண்டை வெல்லமும்

முன்னொரு காலத்திலே, உடும்புக்குப் பேச்சு வந்து, மந்திரவாதிக்கு ரோஷம் வந்த காலத்திலே, கன்னல்நாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. எங்கே இருந்தது என்று குறுக்கே கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கதை மறந்துபோகும், அப்புறம் என்னைத்தான் திட்டுவீர்கள்.

நாடு முழுக்கக் கரும்பு. ராஜா பேர் மேழிராயர். தங்கமான மனுஷர். ஆனால் எங்கே போனாலும் வயிறு முதலில் வரும், ராஜா பின்னால் வருவார். அதற்கு அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. அந்த ஊர் வழக்கம் அப்படி.

என்ன வழக்கம்? தை முதல் நாள் ராஜா பெரிய தராசில் ஒரு தட்டில் உட்காருவார். மறு தட்டில் ஒவ்வொன்றும் தேங்காய் அளவு இருக்கிற மண்டை வெல்லத்தை அடுக்குவார்கள். தட்டு சமமானதும் அத்தனை வெல்லமும் ஊருக்கு. ராஜாவுக்கு எதிரே எடைக்கல்லை வைத்தால் நாட்டுக்கு ஆகாதாம், வெல்லம்தான் வைக்க வேண்டுமாம். ராஜா பருத்தால் ஊருக்குத்தானே லாபம்? சும்மா விடுவார்களா? வீட்டுக்கு வீடு அதிரசத் தூக்குச்சட்டியோடு கிளம்பி விடுவார்கள்.

"ராஜா, இன்னும் ஒண்ணு!"

"ராஜா, இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

"ராஜா, இதுதான் கடைசி!"

அந்தக் கடைசி மட்டும் கடைசி வரைக்கும் வரவே வராது.

ராஜாவுக்கு ஒரே மகள், தாழை. எட்டு வயசு, தாயில்லாப் பிள்ளை. அப்பாவின் வயிற்றில் சாய்ந்துகொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ராஜா அதிரசம் தின்னும்போது ஓரத்தைக் கிள்ளி அவள் வாயில் வைப்பார், மீதியை அவர் போட்டுக்கொள்வார். அதுதான் அவர் பாசம். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பார்.

ஒரு ஆடி மாசம் அரண்மனையில் விருந்து. பந்தி முடிகிற நேரத்தில் ஊமத்தன் என்கிற மந்திரவாதி பசியோடு வந்தான். தட்டில் ஒரே ஒரு அதிரசம் மிச்சம். ஊமத்தன் கையை நீட்டினான். ராஜாவும் கையை நீட்டினார். ராஜா கைதான் முந்தியது.

"அடுத்த ஈடு வருது, உமக்குத்தான் முதல்ல" என்றார் ராஜா, வாய் நிறைய அதிரசத்தோடு. அடுத்த ஈடு வரவில்லை. எண்ணெய் தீர்ந்துபோச்சு.

ஊமத்தனுக்கு வந்ததே கோபம்! "ஒரு அதிரசத்தை விட முடியலையா உனக்கு? பெத்த மகளுக்காகவாவது விடுவியா, பார்ப்போம்!" என்று கைப்பிடிச் சாம்பலை ஊதினான். தாழையைக் காணோம்!

"முந்நூறு படி ஏறினால் மலை உச்சியிலே ஒரு குகை. உன் மகள் அதிலே இருக்கா. பசிக்காது, பயமிருக்காது, ஆனா மாசம் ஒரு சாண் கல்லாவா. மலையை உடைச்சா அவளும் உடைவா. குகை இடுக்குல நீயே நுழைஞ்சு போகணும். உன் முகத்தைப் பார்த்து அவ 'அப்பா'ன்னு கூப்பிடணும். தை முதல் நாள் உச்சி வெயிலுக்குள்ளே நடக்கலைன்னா, அவ கல்லுதான்!"

ராஜா ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார்ந்து, பொழுது சாயும்போது உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். வளைந்து வளைந்து உள்ளே போகிற ஒரு பாறை இடுக்கு. வாசலில் ஒரு கிழட்டு உடும்பு. ராஜா நுழையப் பார்த்தார். தோள் போச்சு, வயிறு போகவில்லை.

உடும்பு அவரை மேலும் கீழும் பார்த்தது. "இருபது விரக்கடை" என்றது.

"என்ன இருபது?"

"உம்ம வயிறு இருபது விரக்கடை அதிகம். விரக்கடைன்னா ஒரு விரல் அகலம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா, வந்துட்டீங்களா?"

"தாழை... அப்பா... வந்துட்டேன்..." ராஜாவுக்கு மூச்சு இரைத்தது.

"மூச்சு வாங்கிட்டுப் பேசுங்கப்பா" என்றாள் தாழை. ராஜா பாறையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் ஊமத்தன் சிரித்துக்கொண்டே வந்து ஒரு பொடி கொடுத்தான். "ஒரே நாள்ல எடை போயிடும்." ராஜா விழுங்கினார். எடை போயேபோச்சு! அவர் பஞ்சு மாதிரி மேலே கிளம்பி உத்தரத்தில் முட்டிக்கொண்டு நின்றார். ஆனால் வயிறு? அதே வயிறு! கயிறு கட்டி இழுத்துக் கொண்டுபோனார்கள். "இருபது விரக்கடை" என்றது உடும்பு, கொட்டாவி விட்டுக்கொண்டு.

ராத்திரிக்குள் எடை திரும்பி வந்துவிட்டது. ஊமத்தன் இரண்டாம் தரம் ஒரு தைலம் கொடுத்தான். "ஒரே நாள்ல வயிறு கரையும்." பூசிய மாத்திரத்தில் கரைந்தது. ராஜா விழுந்தடித்துப் படியேறினார். நூறாவது படியில் வயிறு திரும்பி வந்தது, கூடவே இன்னொரு மடங்கையும் கூட்டிக்கொண்டு வந்தது. "நாற்பது" என்றது உடும்பு.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. எடை போனால் வயிறு போகவில்லை, வயிறு போனால் திரும்பி வருகிறது. என்ன எழவடா இது என்று அரண்மனைச் சமையற்கட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே சமைக்கிறவள் வேலாத்தா. ராஜா என்றும் பார்க்கமாட்டாள், மந்திரி என்றும் பார்க்கமாட்டாள். "ஒரே நாள்லயா உங்களுக்கு இந்த வயிறு வந்துச்சு? ஒரே நாள்ல எப்படிங்க போகும்? வந்த மாதிரிதான் போகும், கொஞ்சங்கொஞ்சமா. நான் போடறதைத் தின்னுங்க. தினமும் புள்ளையப் பார்க்க மலையேறுங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச மந்திரம்."

காலையில் கம்பங்கூழ், மத்தியானம் ஒரு கரண்டி சோறு, அது மறையக் கீரை, கொள்ளு ரசம், பொழுது சாயும் முன்னே ரெண்டு கேழ்வரகு ரொட்டி. முதல் எட்டு நாள் ராஜா சட்டியைப் பார்த்து முறைத்தார். சட்டி ஒன்றும் பயப்படவில்லை.

மலையேற்றமோ, முதல் நாள் பத்துப் படிக்கு ஒரு உட்காரல். ஆவணியில் இருபது படிக்கு ஒரு உட்காரல். ஐப்பசியில் ஐம்பது படிக்கு ஒரு உட்காரல். மழையானாலும் போனார், சளியானாலும் போனார். ஏன் போகமாட்டார்? மேலே மகள் காத்துக்கொண்டிருக்கிறாளே!

உடும்பு முப்பது என்றது, இருபத்தைந்து என்றது, பதினைந்து என்றது. அப்பாடா என்று ராஜா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எங்கே பட்டார்? கேளுங்கள் கூத்தை!

வெள்ளிக்கு வெள்ளி அரண்மனையில் ராஜாவைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். எதை வைத்து? தை முதல் நாளுக்கென்று கிடங்கில் சேர்த்து வைத்திருந்த மண்டை வெல்லத்தை வைத்து. வேறு எதையும் வைக்கக் கூடாதே! ஆடியில் ராஜா நூறு மண்டை இருந்தார். ஆவணியில் நூற்று ஐந்து. ஐப்பசியில் நூற்றுப் பத்து!

"கூழைக் குடிச்சா கூடுதே!" என்றார் மந்திரி.

"நடந்தா கூடுதே!" என்றார்கள் காவலாளிகள்.

"இது மந்திரவாதி வேலைதான்" என்றது ஊர். பாவப்பட்டு ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு வந்தும்விட்டது. "எதுக்கு ராஜா வீணா உடம்பைப் போட்டு வதைக்கிறீங்க? இன்னும் ஒண்ணு!"

ராஜா யாரை நம்புவார்? உடும்பு குறையுது என்கிறது, ஆனால் அது மந்திரவாதியின் உடும்பு. தராசு கூடுது என்கிறது, அது தாத்தா காலத்திலிருந்து பொய் சொல்லாத தராசு. எனக்கே இந்த இடத்தில் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கிறது, அவருக்கு இருக்காதா?

"வேலாத்தா, எனக்கு ஒண்ணுமே புரியலை. குறையுதா, கூடுதா?"

"எனக்கும் புரியலைங்க. ஆனா சட்டியில கூழ் இருக்கு, மேல புள்ள இருக்கு. குடிச்சுட்டுக் கிளம்புங்க."

ராஜா குழம்பிக்கொண்டே குடித்தார். குழம்பிக்கொண்டே ஏறினார். ஒரு நாள்கூட விடவில்லை. மார்கழியில் தாழை கேட்டாள், "அப்பா, நீங்கதானா? குரல் வேற மாதிரி இருக்கே?" ராஜாவுக்கு அதுவும் புரியவில்லை. மாசக் கடைசியில் உடும்பு 'ஒரு விரக்கடைதான் பாக்கி' என்றது, அதையும் அவர் நம்பவில்லை.

தை முதல் நாள் விடிந்தது. தாழை கழுத்து வரைக்கும் கல். ஊரெல்லாம் தராசைச் சுற்றி நின்றது. வெல்லத்தை அடுக்கினார்கள், அடுக்கினார்கள், அடுக்கிக்கொண்டே போனார்கள். நூற்று இருபது!

ராஜா தராசுத் தட்டிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஆறு மாசமா வாயைக் கட்டினேனே! என் பிள்ளை போச்சே!"

இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி ஊமத்தன் வந்து நின்றான். "மூணாவதா ஒரு வழி இருக்கு. இந்தா மந்திரக்கோல். ஒரு தட்டுத் தட்டினா உன் சதையெல்லாம் ஊர்ப் பிள்ளைங்க மேல பங்காப் போய் ஒட்டிக்கும். நீ இடுக்குல நுழைஞ்சிடலாம். அது திரும்பியும் வராது. தட்டட்டுமா?"

கூட்டத்தில் தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். ராஜா அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். எல்லாம் தாழை வயசு.

"வேண்டாம்" என்றார். "தின்னது நான். இதுங்க ஏன் சுமக்கணும்? நுழைய முடியலைன்னா அந்த வாசல்லயே உட்கார்ந்து என் பிள்ளையோட பேசிட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு விருட்டென்று எழுந்தார். எழுந்ததுதான் தாமதம், அவர் இடுப்பில் கட்டியிருந்த அரைஞாண் கயிறு நழுவி, தொடையைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, பாதத்தில் போய் விழுந்தது. ஆடியில் சதைக்குள்ளே புதைந்து கிடந்த கயிறு அது!

எல்லோரும் கயிற்றைப் பார்த்தார்கள். தராசைப் பார்த்தார்கள். ஒன்றும் விளங்கவில்லை. வேலாத்தா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தராசிடம் போனாள். மறு தட்டிலிருந்து ஒரு மண்டை வெல்லத்தை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

"இதுதான் தேங்காய் அளவா? மாங்காய் அளவுகூட இல்லையே!"

எடுத்துப் பார்த்தால் அத்தனையும் அப்படித்தான். ஓரம் கிள்ளி, மூலை கடித்து, நடுவில் நக்கி! வெல்லம் சுமந்தவர்கள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். காவலாளிகள் வானத்தைப் பார்த்தார்கள். மந்திரி மீசையில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"அடப்பாவிகளா!" என்றாள் வேலாத்தா. "ராஜா கூடலை, வெல்லம்தான் தேஞ்சு போச்சு!"

"ஒரு கிள்ளுதான் எடுத்தேன்" என்றார் மந்திரி. "ஒரே ஒரு கிள்ளு" என்றார்கள் காவலாளிகள்.

"முதல் எட்டு நாள் நானும் கிள்ளினேன்" என்றார் ராஜா, தலையைக் குனிந்துகொண்டு.

வெயில் ஏறிவிட்டது. இனிமேல் பேச நேரமில்லை. கயிற்றை எடுத்து முடிந்து கட்டினார், கூட்டத்தில் ஒருத்தர் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து மடியில் வைத்தார், மலையைப் பார்த்து ஓடினார். இந்தத் தரம் நிஜமாகவே ஓடினார். முந்நூறு படி, ஒரு இடத்திலும் உட்காரவில்லை.

"எத்தனை விரக்கடை?" என்றார் உடும்பிடம்.

"ஆறு மாசமா என்னை நம்பலையே நீர்! மூச்சை வெளியே விடும், போம்."

ராஜா பக்கவாட்டில் நுழைந்தார். தோள் போச்சு. நெஞ்சு போச்சு. வயிறு பாறையில் உரசியது, நின்றது. மூச்சை முழுக்க வெளியே விட்டார். வயிறும் போச்சு!

உள்ளே தாழை நின்றாள். கழுத்துக்குக் கீழே கல், மேலே அவள் முகம். அந்த முகம் ராஜாவைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தது.

"யாரு நீங்க?"

ராஜாவுக்கு உயிரே போய்விட்டது. "நான்தாம்மா, அப்பா!"

"இல்லை. எங்கப்பா வயிறு பெருசு. நான் அதுலதான் தூங்குவேன்."

"இது அப்பா குரல்தானே, தாழை?"

"எங்கப்பா படியேறி வந்தா மூச்சு வாங்கிட்டுத்தான் பேசுவாங்க. உங்களுக்கு மூச்சே வாங்கலை. நீங்க மந்திரவாதி!"

பார்த்தீர்களா? எதற்காக ஆறு மாசம் பாடுபட்டாரோ, அதனாலேயே மகளுக்கு அடையாளம் தெரியவில்லை! கல் அவள் தாடையைத் தொட்டது. ராஜா மடியிலிருந்த அதிரசத்தை எடுத்து நீட்டினார்.

தாழை உதட்டைப் பிதுக்கினாள். "எங்கப்பா அதிரசத்தை முழுசாக் கொண்டுவரவே மாட்டாங்க."

ராஜாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கை பழக்கத்தில் தானாகப் போய் அதிரசத்தின் ஓரத்தைக் கிள்ளியது. பெருவிரலும் சுண்டுவிரலும் சேர்த்து ஒரு தினுசான கிள்ளல், உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான் அப்படிக் கிள்ளுவார். கிள்ளியதை, இந்தத் தரம், தன் வாயில் போட்டுக்கொண்டார். மீதி மொத்தத்தையும் மகள் வாயருகே வைத்தார்.

தாழை அந்த விரல்களைப் பார்த்தாள். அதிரசத்தைப் பார்த்தாள். கண்ணை உயர்த்தி முகத்தைப் பார்த்தாள்.

"மாத்திக் குடுக்கறீங்களே, அப்பா!" என்றாள்.

அவ்வளவுதான்! கல் பொலபொலவென்று உதிர்ந்தது. பிள்ளை அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ராஜா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு முந்நூறு படியும் இறங்கினார்.

கீழே பந்தி போட்டார்கள். முதல் இலை ஊமத்தனுக்கு, இலை நிறைய அதிரசம். ராஜாவே பரிமாறினார். மந்திரவாதி ஒன்றைத் தின்றான், இரண்டைத் தின்றான், மூன்றாவதை எடுத்து உடும்புக்குக் கொடுத்தான். கோபம் ஆறிப்போச்சு.

ஆனால் ஊர் முணுமுணுத்தது. ராஜா இளைத்துவிட்டாரே, இனி வெல்லம் குறையுமே? ராஜா எழுந்து நின்று சொன்னார், "இனிமே தராசு கிடையாது. தினமும் நான் ஏறுகிற படியை எண்ணிக்குங்க. படிக்கு ஒரு மண்டை வெல்லம், வருஷக் கடைசியில ஊருக்கு."

மறுநாள் பொழுது விடியுமுன்னே அரண்மனை வாசலில் ஒரே கூட்டம். ஒருத்தர் கையிலும் தூக்குச்சட்டி இல்லை.

"ராஜா, இன்னும் ஒரு படி!"

"ராஜா, இன்னும் ஒரே ஒரு படி!"

"ராஜா, இதுதான் கடைசி!"

தாழை மட்டும் கொஞ்ச நாள் தூக்கம் வராமல் புரண்டாள். வயிறு முன்னே மாதிரி இல்லையே! அப்புறம் தோள் பழகிவிட்டது. ராஜாவும் மகளும் அதிரசத்தைக் கிள்ளித் தின்று சுகமாக இருந்தார்கள். கேட்ட நீங்களும் சுகமாக இருங்கள், எழுந்து கொஞ்சம் நடங்கள்.