பனிமேரியின் போன்

"எல்லாம் கத்துக்கிட்டேன் டீச்சர். இன்னும் ஏன் செத்த போனையே கையில குடுக்கீங்க?"

கேட்டவர் அருமைநாயகம். லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு போன பிறகு, போன் ரிப்பேர் கற்றுக்கொள்ள வந்தவர். அவர் டீச்சர் என்று அழைத்த செலின் அவரைவிட வெகு இளையவள். தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கடை வைத்திருந்தாள்.

செலின் வாசலைப் பார்த்தாள்.

ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருந்தாள். சேலை இடுப்பு வரை நனைந்திருந்தது. கையிலிருந்த போன் சொட்டச் சொட்ட ஈரம்.

"இதை நீங்களே பாருங்க," என்றாள் செலின்.

அருமைநாயகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"கடல் தண்ணி. ஆன் கீன் பண்ணிப் பாத்தியாம்மா?"

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவளுக்குக் காது கேக்காது அண்ணாச்சி. பேச்சும் வராது. பேரு பனிமேரி. பக்கத்துத் தெருதான்."

"சரி, சரி. அழாதம்மா."

அவர் குனிந்தார். எல்லாவற்றையும் சரியாகவே செய்தார். பட்டனைத் தொடவில்லை. சிம்மை எடுத்துத் தனியே வைத்தார். பின்மூடியைப் பக்குவமாகச் சூடுகாட்டித் திறந்தார். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டார்.

பனிமேரி மேசையைத் தட்டினாள்.

"அவசரப்பட்டா போர்டு போயிரும்மா," என்றார், போனைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

மறுபடி தட்டினாள்.

செலின் எழுந்து வந்து பனிமேரியின் எதிரே நின்றாள். அவள் கைகளையே பார்த்தாள்.

விரல் உதட்டின் மேல் மீசை வரைந்தது. உள்ளங்கை போனாகி உயர்ந்தது. சுற்றிக் காட்டியது. புரண்டு கீழே விழுந்தது. பிறகு பனிமேரி தன் நெஞ்சைத் தொட்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

செலினின் முகம் மாறியது.

"அண்ணாச்சி, இவ வீட்டுக்காரர் ராயப்பன் கொச்சியில வெல்டர். அவருக்கும் காது கேக்காது. இவ படகுத்துறையில நின்னு அவருக்கு வீடியோவுல கடலைக் காட்டிக்கிட்டு இருந்திருக்கா. போன் கை நழுவிருச்சு. தண்ணிக்குள்ள தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆயிருச்சாம்."

"அதான் எடுத்துட்டாள்ல?"

"அது நமக்குத் தெரியும். அவரு என்ன பாத்திருப்பாரு? வானம் சுத்தியிருக்கும். தண்ணி வந்திருக்கும். அப்புறம் இருட்டு."

அருமைநாயகத்தின் கை நின்றது.

செலின் அந்தச் சிம்மை முந்தானையில் துடைத்தாள். தன் போனிலிருந்த சிம்மைக் கழற்றிவிட்டு அதைப் போட்டாள்.

சிக்னல் வந்தது. பனிமேரியின் எண்ணில் வாட்ஸ்அப்பைத் திறந்ததும் வீடியோ அழைப்பு வந்து போன் அதிர்ந்தது.

திரையில், ரயில் நிலையம் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தான் ராயப்பன். தோளில் பை. பனிமேரியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேசினாள். அவன் இல்லையென்று தலையசைத்தான். புரியவில்லை.

"அண்ணாச்சி, அதை வச்சிட்டு இதைப் பிடிங்க."

"டீச்சர், உப்புத் தண்ணி. இப்பவே கழுவலைன்னா அரிச்சிரும்."

"அதை நான் பாக்குதேன்."

அவர் பிடித்தார்.

பனிமேரியின் இரண்டு கைகளும் விடுபட்டன. அவள் சொன்னாள். அவன் திட்டினான். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திட்டினான். அவள் நனைந்த சேலையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தான்.

அருமைநாயகத்துக்குத் தோள் கடுத்தது. பின்னால் செலின் ஸ்பிரிட்டில் பிரஷ்ஷைத் தோய்த்துப் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பனிமேரி அவரைப் பார்த்து ஏதோ கை காட்டினாள்.

"என்ன சொல்லுதா டீச்சர்?"

"கொஞ்சம் உசத்திப் பிடிக்கணுமாம்."

உயர்த்திப் பிடித்தார்.

அந்தப் போன் சில நாள் காய்ந்து பிழைத்துக்கொண்டது. அருமைநாயகம் ஒவ்வொன்றாகச் சோதித்தார். திரை நன்றாக இருந்தது. கேமரா நன்றாக இருந்தது. ஸ்பீக்கர் மட்டும் போய்விட்டது. எவ்வளவோ முயன்றும் ஒரு முனகல்கூட வரவில்லை.

பனிமேரி வாங்க வந்தபோது அவருக்கு மனசே சரியில்லை.

"நீங்களே சொல்லிருங்க டீச்சர். எனக்குச் சங்கடமா இருக்கு."

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். போனைக் காட்டினார். காதைத் தொட்டார். போயிற்று என்று விரலை விரித்தார். வருத்தம் என்று நெஞ்சில் கை வைத்தார். மறுபடி காதைத் தொட்டார்.

பனிமேரி அவரைப் பார்த்தாள். செலினைப் பார்த்தாள்.

பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அருமைநாயகம் விழித்தார்.

காதருகே நின்ற அவர் கை மெல்லக் கீழே இறங்கியது.